கடலைக்கு மண்ணில் எத்தனை மி.மீ. ஈரம் குறைந்திருக்கிறது? எப்படிக் கணக்கிடுவது?

செங்காட்டான்
பிப்ரவரி 4, இரவு 8:40

வணக்கம். திருவண்ணாமலை மாவட்டம், செம்மண் காடு, ஒன்றரை ஏக்கர். மார்கழிப் பட்டத்தில் மணிலா (நிலக்கடலை) விதைத்து இன்றோடு 48 நாள். போர்த் தண்ணீர், பாத்தி கட்டிப் பாய்ச்சுகிறேன். அப்பா காலத்திலிருந்தே எங்கள் காட்டில் பத்து நாளுக்கு ஒரு தண்ணீர் என்பதுதான் வழக்கம்.

நேற்று எட்டாம் நாள். மதியம் பன்னிரண்டு மணிக்குப் போய்ப் பார்த்தால் இலையெல்லாம் கை கூப்பியது போல மடிந்து நிற்கிறது. நான்கரை மணிக்கு மறுபடி விரிந்துவிட்டது. பக்கத்துக் காட்டுக்காரர், “வெயிலுக்கு அப்படித்தான் மடியும், பயப்படாதே” என்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. பூ நிறையப் பூத்திருக்கிறது, காயாக மாறும் விழுது மண்ணில் இறங்கும் நேரம்.

வேளாண் ஆலோசனைக் குறிப்பு ஒன்றில் “மண் ஈரப் பற்றாக்குறை இத்தனை மி.மீ.” என்று படித்தேன். மழையை மி.மீ.யில் அளப்பது புரிகிறது. மண்ணில் இல்லாத தண்ணீரை எப்படி மி.மீ.யில் அளக்கிறார்கள்?

---

மடைதிருப்பி
பிப்ரவரி 4, இரவு 10:05

மளிகைக் கடைப் பற்று நோட்டு பார்த்திருப்பீர்கள். அதே கணக்குதான்.

நிறையப் பாய்ச்சிய பிறகு செம்மண்ணில் ஒரு நாள், கரிசலில் இரண்டு மூன்று நாள் விட்டால் வடிய வேண்டியது வடிந்துவிடும். அதற்கு மேல் மண் தன் பிடியில் வைத்திருப்பதுதான் வயல் கொள்திறன். அன்றைக்குப் பற்று, அதாவது நீங்கள் படித்த ஈரப் பற்றாக்குறை, பூச்சியம். மறுநாளிலிருந்து பயிர் குடிப்பதும் மண்ணிலிருந்து ஆவியாவதும் சேர்ந்து தினமும் பற்றில் ஏறும். மழையும் பாசனமும் வரவு. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: இந்தக் கடைக்காரர் முன்பணம் வாங்கி வைத்துக்கொள்வதில்லை. பற்று 20 மி.மீ. இருக்கும்போது 50 மி.மீ. ஊற்றினால் மிச்சம் 30 வேருக்குக் கீழே இறங்கிப் போய்விடும், போட்ட உரத்தையும் கூட்டிக்கொண்டு.

தினம் எவ்வளவு ஏறும் என்பதற்கு உலக உணவு வேளாண் அமைப்பு 1998-இல் வெளியிட்ட 56-ஆம் பாசனக் கையேட்டு முறையைத்தான் பெரும்பாலும் எல்லோரும் பின்பற்றுகிறார்கள். அன்றைய வெயில், காற்று, வெப்பம், காற்றின் ஈரம் ஆகியவற்றை வைத்து, குட்டையாக வெட்டிவிட்ட புல்வெளி எவ்வளவு நீர் இழக்கும் என்று முதலில் கணக்கிடுவார்கள். அதைப் பயிர்க் குணகத்தால் பெருக்க வேண்டும். கடலைக்கு அந்தக் குணகம் தொடக்கத்தில் 0.4, காடு மூடிய பின் 1.15, அறுவடை நெருங்கும்போது 0.6. உங்களுக்கு இப்போது 1.1 வைத்துக்கொள்ளலாம். புல்வெளிக் கணக்கு ஒரு நாளுக்கு 4.8 மி.மீ. என்று கொண்டால், உங்கள் பயிரின் செலவு சுமார் 5.3 மி.மீ.

இனி, எவ்வளவு வரை பற்று ஏறலாம் என்பது. மணல் கலந்த செம்மண், பயிருக்குக் கிடைக்கும்படி பிடித்து வைப்பது கொள்ளளவில் சுமார் 12 சதவீதம். வேர் அரை மீட்டர் போயிருந்தால் மொத்தக் கையிருப்பு 60 மி.மீ. ஆனால் 60-உம் ஒரே மாதிரி கிடைக்காது. கடலையில் பாதி தீரும்வரை பயிர் சிரமமில்லாமல் எடுக்கும். அதற்குமேல் மண் இறுக்கிப் பிடிக்கும், பயிர் இலைத்துளைகளை மூடிக்கொள்ளும். எனவே 30 மி.மீ.தான் உங்கள் வரம்பு. 5.3-ஆல் வகுத்தால் ஐந்தரை நாள்.

பத்து நாள் இடைவெளி எனக்கு அதிகமாகப் படுகிறது.

---

தாழ்வாரம்
பிப்ரவரி 5, காலை 6:20

தம்பிகளா, நாற்பது வருடமாகக் கடலை போடுகிறேன். மி.மீ. எல்லாம் பார்த்ததில்லை. களைக்கொட்டால் ஒரு சாண் தோண்டி, அடிமண்ணைக் கையில் பிடித்து உருட்டிப் பார்ப்பேன். உருண்டை நின்றால் தண்ணீர் வேண்டாம். பிடித்ததும் உதிர்ந்தால் அன்றைக்கே மடையைத் திருப்பிவிடுவேன்.

அப்புறம் இலை மடிவது பற்றி. கடலை இலை இரவில் தானாகவே மடிந்து தூங்கும், அது அதன் சுபாவம். அதனால் சாயங்காலம் இருட்டும்போது பார்த்துவிட்டு வாடல் என்று சொல்லக் கூடாது. நடு வெயிலில் மடிவதும் ஒரு தற்காப்புதான், வெயில் நேராகப் படாமல் இருக்கச் செடி செய்யும் வேலை. காலை எட்டு ஒன்பது மணிக்குப் போய்ப் பார். அப்போதும் இலை விரியாமல், கரும்பச்சையாக நிறம் மங்கி நின்றால் நீ தாமதித்துவிட்டாய் என்று அர்த்தம்.

---

மடைதிருப்பி
பிப்ரவரி 5, காலை 7:48

ஐயா சொல்லும் கைப்பிடிச் சோதனை நல்ல சோதனைதான், நானும் செய்கிறேன். ஒரு இடத்தில் மட்டும் மாறுபடுகிறேன். செடி வாடலைக் காட்டும் முன்பே வளர்ச்சி நின்றுவிடுகிறது. தண்ணீர் இறுகும்போது முதலில் குறைவது புது இலை விரிவது. பிறகு இலைத்துளைகள் மூடும், கரியமில வாயு உள்ளே போவது குறையும், மாவுச்சத்துத் தயாரிப்பு குறையும். கண்ணுக்குத் தெரியும் வாடல் வரிசையில் பின்னால்தான் வருகிறது. எனவே இலையைப் பார்த்துப் பாய்ச்சுகிறவர் எப்போதும் இரண்டு மூன்று நாள் பிந்தியே இருப்பார்.

செங்காட்டான், ஒரு வேலை செய்யுங்கள். நான் அரை மீட்டர் வேர் என்று சும்மா அனுமானித்தேன். ஒரு குழி வெட்டி வேர் உண்மையில் எங்கே நிற்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள். கணக்கில் பெரிய தவறு பெரும்பாலும் அந்த இடத்தில்தான் ஒளிந்திருக்கும்.

---

செங்காட்டான்
பிப்ரவரி 5, மாலை 6:30

வெட்டினேன். கேட்காமலே இருந்திருக்கலாம்.

மேலே ஒரு சாண் வரை மண்வெட்டி வெண்ணெய் போல இறங்கியது. ஒரு அடியில் “ணங்” என்றது, கல் என்று நினைத்தேன். கல் இல்லை, மண்தான். கடப்பாரை போட்டால் சில்லு சில்லாகப் பெயர்கிறது. ஆணிவேர் அந்த இடம் வரை நேராக வந்து, மேசைமேல் படுத்தது போல பக்கவாட்டில் திரும்பி ஓடுகிறது. இரண்டாவதாக இன்னோர் இடத்தில் வெட்டினேன், அங்கேயும் 30 செ.மீ.யில் அதே கதை. பல வருடங்களாக ஒரே ஆழத்தில் டிராக்டர் உழவு.

வேடிக்கை என்னவென்றால், அந்த இறுகிய படுகைக்குக் கீழே மண் ஈரமாக இருக்கிறது. செடிக்கு அது எட்டவில்லை.

---

மடைதிருப்பி
பிப்ரவரி 5, இரவு 9:15

அப்படியென்றால் கணக்கை முதலிலிருந்து போடுவோம்.

வேர் 30 செ.மீ. என்றால் கையிருப்பு 36 மி.மீ., சிரமமில்லாத பாதி 18 மி.மீ. 5.3-ஆல் வகுத்தால் மூன்றரை நாள்கூட வரவில்லை. அதாவது நான்காம் நாளிலிருந்தே உங்கள் கடலை மூச்சைப் பிடித்துக்கொண்டு வாழ்கிறது.

வரம்பு தாண்டிய பிறகு செலவு அதே 5.3-ஆக இருக்காது. மிச்ச இருப்பு குறையக் குறைய, குடிக்கும் அளவும் அதே விகிதத்தில் குறையும். அப்படி நாள் நாளாகக் கழித்துக்கொண்டே வந்தால், பத்தாம் நாள் பற்று சுமார் 33 மி.மீ. தண்ணீர் தாராளமாக இருந்திருந்தால் இந்தப் பத்து நாளில் பயிர் 53 மி.மீ. குடித்திருக்கும். குடித்தது 63 சதவீதம், குறைந்தது 37.

இதை விளைச்சலோடு இணைக்க அதே அமைப்பின் 33-ஆம் கையேடு (1979) ஒரு குணகம் தருகிறது. கடலையின் முழுப் பருவத்துக்கும் 0.7. பூக்கும் பருவத்துக்குத் தனியாக 0.8. இந்தப் பருவம் முழுவதும் இதே பத்து நாள் முறை நீடித்தால் 37-ஐ 0.8-ஆல் பெருக்குங்கள்: ஏறக்குறைய 30 சதவீத விளைச்சல் இழப்பு. வேர் அரை மீட்டர் போயிருந்தால் இதே பத்து நாள் இடைவெளிக்கு இழப்பு 10 சதவீதத்தோடு நின்றிருக்கும்.

உங்கள் அப்பாவின் பத்து நாள் கணக்கு தவறு என்று நான் நினைக்கவில்லை. அவர் உழுத மண்ணில் வேர் ஆழமாகப் போயிருக்கலாம்.

---

தாழ்வாரம்
பிப்ரவரி 5, இரவு 9:50

அந்தக் கடைசி வரிக்கு நன்றி தம்பி. மாட்டு ஏர் காலத்தில் இந்தப் படுகை இந்த அளவுக்கு இல்லை. அறுவடை முடிந்து மண் நன்றாகக் காய்ந்திருக்கும்போது உளிக் கலப்பை போடச் சொல். ஈரத்தில் போட்டால் கீறல் மட்டும் விழும், படுகை உடையாது.

---

ஈரமண்
பிப்ரவரி 6, பகல் 1:10

மண் ஆய்வுக்கூடத்தில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன். கணக்கு சரி. ஆனால் தாளில் எழுதும் பற்று, நாள் ஆக ஆக உண்மையிலிருந்து விலகிக்கொண்டே போகும். தினம் அரை மி.மீ. தவறினாலும் இருபது நாளில் பத்து மி.மீ. எனவே அவ்வப்போது மண்ணை எடுத்து எடை போட்டுப் பார்த்துவிட வேண்டும்.

ஆய்வுக்கூடத்தில் 105 டிகிரி உலர்த்தியில் ஒரு நாள் முழுக்க வைப்போம். வீட்டில் இரும்புச் சட்டியில் இளந்தீயில் கிளறிக் கிளறிக் காயவைத்து, இரண்டு முறை அடுத்தடுத்து எடை போட்டும் மாறாமல் இருந்தால் போதும். நகைக்கடைத் துல்லியம் வேண்டியதில்லை, சமையலறை எடைமேடையே போதும்.

எல்லோரும் தவறும் இடம் ஒன்று உண்டு. எடை போட்டு வரும் சதவீதம் எடைக் கணக்கு. மி.மீ. கணக்குக்குக் கொள்ளளவு சதவீதம் வேண்டும். இடையில் மண்ணின் அடர்த்தியால் பெருக்க வேண்டும். அதற்கு ஒரு துண்டு இரும்புக் குழாயை மண்ணில் அடித்து இறக்கி, குழாய்க்குள் இருக்கும் மண்ணை மட்டும் எடுத்துக் காயவைத்து எடை போட்டு, குழாயின் கொள்ளளவால் வகுத்துக்கொள்ளுங்கள். பாய்ச்சிய மறுநாள் எடுக்கும் மண் உங்களுக்கு வயல் கொள்திறனைச் சொல்லிவிடும்.

குறைந்தது நான்கைந்து இடத்தில் எடுங்கள். வாய்க்கால் ஓரத்தில் மட்டும் எடுத்துவிட்டு வந்து மண் ஈரமாக இருக்கிறது என்று சொன்னவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

---

கரிசல்காட்டான்
பிப்ரவரி 7, இரவு 8:00

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். பெரம்பலூர் பக்கம், மானாவாரி மக்காச்சோளம். எங்கள் கதை தலைகீழ்.

கரிசலில் ஒரு மீட்டர் வேருக்கு 150 மி.மீ. கையிருப்பு. மக்காச்சோளத்துக்கு அதில் 55 சதவீதம் வரை இறங்கலாம், அதாவது 82 மி.மீ. கார்த்திகையில் நாளுக்கு நாலரை மி.மீ. செலவு என்றாலும் பதினெட்டு நாள் தாங்கும். அதனால் நாங்கள் கொஞ்சம் மெத்தனமாக இருப்போம். கரிசல் ஏமாற்றுவதும் அங்கேதான். மண்ணைப் பிடித்தால் ஈரமாக இருக்கும், கையில் ஒட்டும், ஆனால் செடி வாடி நிற்கும். களிமண் நூற்றுக்கு நாற்பது பங்கு தண்ணீர் வைத்திருந்தாலும் அதில் இருபத்தைந்தைத் தன் பிடியிலேயே வைத்துக்கொள்ளும். வெடிப்பு விட்டுவிட்டால் இன்னும் மோசம். வெடிப்பின் பக்கச் சுவர் வழியாகவும் ஈரம் போகும். அடுத்து வரும் மழையின் முதல் தண்ணீர் வெடிப்புக்குள் ஓடி அடியில் இறங்கிவிடும், மேல் மண் அப்படியே காய்ந்து கிடக்கும்.

ஒரு வருடம் 50-ஆம் நாளில் மழை நின்றது. ஆண் பூ சொன்ன நாளில் வந்துவிட்டது. பெண் பூவின் பட்டு நூல் வெளியே வர ஏறக்குறைய ஒரு வாரம் பிந்தியது. தண்ணீர் இல்லாவிட்டால் நூல் நீளாது. அது வெளியே வந்தபோது மகரந்தம் எல்லாம் கொட்டி முடிந்திருந்தது. பிறகு நல்ல மழை பெய்து காடே பச்சை பிடித்தது, சாலையில் போகிறவர்கள் “என்ன விளைச்சல்” என்று நின்று பார்த்துப் போனார்கள். மட்டையை உரித்தால் பொக்கை வாய். அங்கொன்றும் இங்கொன்றுமாக மணி. மடைதிருப்பி சொன்ன கையேட்டில் மக்காச்சோளம் பூக்கும் பருவத்துக்குக் குணகம் 1.5, அதற்கு முந்தைய வளர்ச்சிப் பருவத்துக்கு வெறும் 0.4. அந்த வருடம்தான் அந்த இரண்டு எண்களுக்கும் எனக்கு அர்த்தம் தெரிந்தது.

ஒரு கேள்வியும் உண்டு. ஒரு தனியார் நிறுவனத்திடம் மண் ஈர உணரி வாங்கினேன். வெடிப்பு விட்ட பிறகு மழை பெய்தாலும் காய்ந்தாலும் ஒரே எண்ணைக் காட்டுகிறது. கேட்டால், “மண்ணில் கோளாறு” என்கிறார்கள்.

---

ஈரமண்
பிப்ரவரி 7, இரவு 9:25

மண்ணிலும் கோளாறு இல்லை, பெரும்பாலும் கருவியிலும் இல்லை. மண் சுருங்கியபோது உணரிக்கும் மண்ணுக்கும் நடுவில் இடைவெளி விழுந்திருக்கும். அது காற்றை அளந்துகொண்டிருக்கிறது. பிடுங்கி, குழைத்த சேற்றை ஊற்றி, வேறோர் இடத்தில் மறுபடி நடுங்கள். கரிசலுக்கென்று அதன் எண்ணைத் தனியாக ஒப்பிட்டுத் திருத்தவும் வேண்டும். நிறுவனம் அதைச் செய்து கொடுத்திருக்க வேண்டும்.

மண் தண்ணீரை எவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கிறது என்று காட்டும் இழுவிசைமானி வாங்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். அது சுமார் 80 சென்டிபார் வரைதான் வேலை செய்யும், அதற்குமேல் குழாய்க்குள் காற்று புகுந்துவிடும். பயிர் முற்றாக வாடும் நிலை 1,500 சென்டிபார் பக்கம். செம்மண்ணில் பயிருக்குக் கிடைக்கும் ஈரத்தில் பெரும்பகுதி அந்த 80-க்குள்ளேயே தீர்ந்துவிடும் என்பதால் அங்கே அது நல்ல கருவி. கரிசலில் பாதிக் கதை அதன் எல்லைக்கு வெளியே நடக்கும்.

விலை குறைவாக வேண்டுமென்றால் கோவை கரும்பு இனப்பெருக்க நிறுவனம் உருவாக்கிய ஈரங்காட்டியைப் பாருங்கள். நீலம், பச்சை, ஆரஞ்சு, சிவப்பு என நான்கு விளக்குகள். மி.மீ. சொல்லாது. நீலமும் பச்சையும் எரிந்தால் ஈரம் இருக்கிறது, ஆரஞ்சு வந்தால் பாய்ச்சத் தயாராகுங்கள், சிவப்பு என்றால் உடனே.

---

செங்காட்டான்
பிப்ரவரி 13, இரவு 9:00

ஒரு வாரமாகத் தாளும் பேனாவுமாகத் திரிகிறேன். வீட்டில் கேலி செய்கிறார்கள்.

முதலில் போர். 200 லிட்டர் டிரம் நிறைய 100 வினாடி ஆகிறது. மணிக்கு 7,200 லிட்டர். ஏக்கருக்கு ஒரு மி.மீ. என்பது 4,047 லிட்டர் என்றால் என் ஒன்றரை ஏக்கருக்கு 6,070. இதுவரை பத்து நாளுக்கு ஒரு முறை, நான்கு நாள் தினம் 9 மணி நேரம் ஓட்டிவந்தேன். கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 43 மி.மீ. தாராளமாக ஊற்றுகிறேன் என்று நினைத்திருந்தேன். வாய்க்காலில் குடிப்பது, தலைப் பாத்தியில் வழிவது எல்லாம் கழித்து 65 சதவீதம்தான் சேர்கிறது என்று வைத்தால் 28. பற்று 33.

இரண்டாவது எடைக் கணக்கு. அடர்த்திக்கு 300 கன செ.மீ. குழாய், காய்ந்த மண் 465 கிராம், அடர்த்தி 1.55. பாய்ச்சிய மறுநாள் எடுத்த மண் கொள்ளளவில் 21 சதவீதம். நான்காம் நாள் எடுத்தது 217 கிராம், வறுத்த பின் 200 கிராம். எடையில் 8.5, கொள்ளளவில் 13.2 சதவீதம். 21-இல் கழித்து 300 மி.மீ. ஆழத்தால் பெருக்கினால் பற்று 23 மி.மீ. நோட்டில் 20 என்று எழுதியிருந்தேன்.

ஒரு அபத்தமும் நடந்தது. தினச் செலவைத் தெரிந்துகொள்ளத் திண்ணையில் ஒரு அலுமினியப் பாத்திரத்தில் தண்ணீர் வைத்து அளந்தேன். முதல் நாள் 7 மி.மீ., இரண்டாம் நாள் 8, மூன்றாம் நாள் 19. ஒளிந்திருந்து பார்த்தால் காகமும் எங்கள் கோழிகளும் வரிசையில் நின்று குடிக்கின்றன.

---

மடைதிருப்பி
பிப்ரவரி 13, இரவு 10:12

சிரித்து முடித்துவிட்டு எழுதுகிறேன். வானிலை நிலையங்களின் ஆவியாதல் பாத்திரத்துக்கும் இதே பிரச்சினை உண்டு, அதனால்தான் கம்பி வலை போடுகிறார்கள். ஏ வகைப் பாத்திரம் 120.7 செ.மீ. விட்டமும் கால் மீட்டர் ஆழமும் உள்ளது. அதில் வரும் எண்ணையே சுமார் 0.7-ஆல் பெருக்கித்தான் புல்வெளிக் கணக்குக்குக் கொண்டுவருவார்கள். சின்னப் பாத்திரம் பக்கச் சுவர் சூடேறி அதைவிட வேகமாக இழக்கும். பேசாமல் செவ்வாய், வெள்ளிக் கிழமைகளில் மாவட்டத்துக்கு வரும் வேளாண் வானிலை அறிக்கையையும் பக்கத்து நிலையத்தின் எண்களையும் வைத்துக்கொள்ளுங்கள்.

20-க்கும் 23-க்கும் இடையே 3 மி.மீ. வித்தியாசம் எனக்குத் திருப்தியே. நோட்டில் 23 என்று திருத்திவிட்டுத் தொடருங்கள்.

பாசனத்துக்கு என் யோசனை: காட்டை நான்காகப் பிரித்து, தினம் ஒரு பகுதி. நான்கு நாளில் 21 மி.மீ. பற்று ஏறும், 18-ஐக் கொஞ்சம் தாண்டும், பரவாயில்லை. 65 சதவீதத் திறனில் தினம் ஏழு மணி நேரம் போர் ஓட வேண்டும். மாசி வெயிலில் இன்னும் ஒரு மணி நேரம் கூடும். உங்கள் போர் அதைத் தாங்காது என்றால் ஒன்றரை ஏக்கர் அதற்கு அதிகம். அடுத்த பட்டத்தில் ஒரு ஏக்கரோடு நிறுத்துங்கள். இதைச் சொல்லத் தயக்கம்தான், ஆனால் எண்கள் அப்படித்தான் சொல்கின்றன.

---

தாழ்வாரம்
பிப்ரவரி 14, காலை 6:05

எப்போதும் பற்று பூச்சியமாகவே வைத்திருக்க வேண்டும் என்று யாரும் நினைத்துவிடாதீர்கள். முளைத்துக் களையெடுக்கும் வரை கடலையைக் கொஞ்சம் காய விட்டுத்தான் தண்ணீர் கட்டுவோம். காய்ச்சலும் பாய்ச்சலும் வேண்டும். கொழுத்து வளர்ந்த கடலையில் கொடிதான் மிஞ்சும்.

---

ஈரமண்
பிப்ரவரி 14, காலை 9:30

ஐயா சொல்வது ஆய்விலும் நிரூபணமானது. ஐதராபாத் அருகே உள்ள சர்வதேசப் பயிர் ஆராய்ச்சி நிறுவனமான இக்ரிசாட் நடத்திய சோதனைகளில், தொடக்க வளர்ச்சியில் ஓரளவு வறட்சி காட்டி, பூக்கும்போது தண்ணீர் கொடுத்த கடலை விளைச்சலில் குறையவில்லை, கூடவும் செய்தது. பூக்கள் ஒருசேர வந்து காய்கள் ஒன்றாக முற்றுகின்றன. மடைதிருப்பியின் கையேடும் தொடக்கப் பருவத்துக்கு 0.2 என்றுதான் சொல்கிறது.

ஆனால் விழுது இறங்கும்போது விளையாட்டு வேண்டாம். காய்ந்து இறுகிய செம்மண்ணில் விழுது குத்தி இறங்க முடியாது. இறங்கிவிட்டாலும் இன்னொரு வில்லங்கம் உண்டு. காய்க்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தை வேர் அனுப்புவதில்லை, காயே சுற்றியுள்ள மண்ணிலிருந்து நேரடியாக உறிஞ்சுகிறது. மேல் ஐந்து செ.மீ. மண் காய்ந்திருந்தால் சுண்ணாம்புச் சத்துக்காகப் போட்ட ஜிப்சம் கரையாமல் கிடக்கும், காய் பொக்காகும். அடியில் ஈரம் இருந்து செடி பசுமையாக நின்றாலும் இது நடக்கும். வேர் ஆழத்துக்குப் போடும் பற்றுக் கணக்கில் இது தெரியாது, மேல் மண்ணைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

கடைசி மூன்று நான்கு வாரங்களும் அப்படியே. மண் காய்ந்து சூடேறினால் காயில் பூஞ்சாணம் பிடித்து அஃப்ளாடாக்சின் நஞ்சு சேரும். அறுவடைக்கு மண் இளகட்டும் என்று கடைசித் தண்ணீரை மட்டும் கட்டுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

---

செங்காட்டான்
ஏப்ரல் 6, இரவு 8:15

அறுவடை முடிந்தது. மார்ச் இரண்டாம் வாரம் போர் இழுக்க ஆரம்பித்துவிட்டது, ஏழு மணி நேரம் கேட்டால் நாலரைதான் தந்தது. அதனால் கடைக்கோடிப் பகுதியை ஆறேழு நாளுக்கு ஒரு முறைக்கு விட்டுவிட்டு, மற்ற மூன்றையும் நான்கு ஐந்து நாளில் காப்பாற்றினேன். மனதுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

பிடுங்கும்போது ஒவ்வொரு பகுதியிலும் பத்துச் செடி எடுத்து எண்ணினேன். முதல் மூன்று பகுதிகளில் செடிக்குச் சராசரி 19, 18, 19 காய். கடைக்கோடியில் 12, அதிலும் மூன்று பொக்கு. வாய்க்கால் ஓரத்து இரண்டு வரிசைகளில் மட்டும் 24 வரை இருந்தது, அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. ஈரமண் ஐயா திட்டுவார்.

உளிக் கலப்பைக்குச் சொல்லியிருக்கிறேன். வண்டிக்காரர் சித்திரை பத்து தேதிக்குமேல் வருகிறேன் என்கிறார். அதற்குள் கோடை மழை ஒன்று பெய்துவிட்டால் மண் மறுபடி காயும்வரை காத்திருக்க வேண்டுமா, அல்லது மேலாக ஈரம் இருந்தாலும் ஒரு அடிக்குக் கீழே காய்ந்திருந்தால் ஓட்டலாமா?

---

தாழ்வாரம்
ஏப்ரல் 6, இரவு 8:40

கடப்பாரையைப் போட்டுப் பார். அந்தப் படுகை சில்லாகப் பெயர்ந்தால் ஓட்டு. சப்பென்று ஒட்டினால் வண்டியைத் திருப்பி அனுப்பிவிடு.